நாலாவது ரிவார்டு

பழனிச்சாமி ஏட்டையா ஷார்ஜாவுக்கு வந்து பன்னிரண்டு நாளாகியும் அவருக்கு ஒரு வேலையும் அகப்படவில்லை. முவைலாவில் மகள் அருணா வீட்டுப் பால்கனியில் நின்றுகொண்டு, கீழே போகிற வண்டிகளின் நம்பர்களை மனப்பாடம் செய்வார். எதிர்க் கட்டிடத்தில் யார் எத்தனை மணிக்கு டூட்டிக்குப் போகிறார்கள், யார் வீட்டு ஏசி ஒழுகுகிறது என்பதெல்லாம் ஒரே வாரத்தில் அத்துப்படியாகிவிட்டது. முப்பத்தைந்து வருடம் போலீஸ் உத்தியோகம் பார்த்த கண். ரிட்டயராகி ஒன்றரை வருடம் ஓடியும் அது சும்மா கிடக்க மறுத்தது.

மனைவி போனபிறகு விளாத்திகுளம் பக்கத்தில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவரை அருணாதான் விசிட் விசா எடுத்து வரவழைத்திருந்தாள். இரண்டு மாத விசா. வேண்டுமென்றால் இன்னும் ஒரு மாதம் நீட்டிக்கலாம். அது இரண்டாயிரத்து ஆறு ஜனவரி. வெயில் உறைக்காத மாதம். ஆனாலும் எங்கே நடந்தாலும் மணலும் புதுக் கட்டிடங்களும்தான்; நின்று பேச ஒரு ஆள் இல்லை.

பதின்மூன்றாம் நாள் மாப்பிள்ளை மணிமாறனின் பழைய கார், கியர் மாற்றும்போதெல்லாம் முனக ஆரம்பித்தது.

"மாமா, இண்டஸ்ட்ரியல் ஏரியா வரைக்கும் போயிட்டு வருவோமா? ஒரு கராஜ் இருக்கு. உங்களுக்கும் பொழுது போகும்" என்றான் மணிமாறன். ஏட்டையா அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் அந்தக் கராஜ் ஒரு டயர் கடைக்கும் ஒரு வெல்டிங் கடைக்கும் நடுவில் இருந்தது. ஃபோர்மேன் ஷைஜு கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். காரை ஒரு சுற்றுச் சுற்றிக் காதால் கேட்டுவிட்டு, "அரை மணிக்கூர் இருங்கண்ணே, ஆள் இப்ப ஃப்ரீயாவான்" என்று ஒரு வேனைக் காட்டினான். வேனுக்கு அடியில் யாரோ மல்லாந்து கிடந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்.

இடது கணுக்காலுக்கு மேலே, பிறை மாதிரி ஒரு அரிவாள் தழும்பு.

ஏட்டையா அதையே பார்த்தார். எங்கேயோ படித்த தழும்பு. ஆமாம், பார்த்ததில்லை, படித்ததுதான். ஸ்டேஷனுக்கு வந்த ஒரு தாளில், அடையாளம் என்ற கட்டத்தில் டைப் அடித்திருந்த வரி. அதே நேரம் வேனுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை இங்கிட்டுத் தள்ளி விடுங்கப்பா, கை எட்டல." சுத்தமான விளாத்திகுளம் கரிசல்காட்டுக் குரல்.

ஏட்டையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பரேட் மைதானத்தில் கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தார்.

"சிப்பாய் அம்மையப்பன்! நம்பர் நாலு ஒண்ணு ஏழு!"

"ஜீ சாப்!" என்று பதில் வந்தது. கூடவே மண்டை இரும்பில் மோதுகிற சத்தமும் வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பட்டாளத்திலிருந்து லீவில் வந்து திரும்பிப் போகாதவனைப் பிடித்துக் கொடுத்தால் போலீஸ்காரருக்கு ரிவார்டு உண்டு. ஆளைப் பிடித்த கையோடு கிடைத்துவிடாது. பட்டாளத்துக் கோர்ட்டில் விசாரித்து, குற்றம் ருசுவாகி, தண்டனை கொடுத்த பிறகுதான் வரும். வரும்போது ஒரு தாளும் வரும்: 'இன்னாருக்கு இன்ன தண்டனை விதிக்கப்பட்டதால், அவரைப் பிடித்த காவலருக்கு இந்தச் சன்மானம்.' தொகை ஒன்றும் பெரிசில்லை. ஆனால் பழனிச்சாமி தன் காலத்தில் மூன்று பேரைப் பிடித்து மூன்று தாள் வாங்கியவர். முதல் ரிவார்டில் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கினார். இரண்டாவதில் அருணாவுக்குக் கொலுசு. மூன்றாவதில் ஒரு ரேடியோ. அந்த வட்டாரத்தில் மூன்று ரிவார்டு வாங்கிய ஏட்டு வேறு யாரும் இல்லை.

நாலாவது ஆள்தான் அம்மையப்பன். தொண்ணூற்றெட்டு டிசம்பரில் லீவு முடிந்தும் போகாமல் காணாமல் போனவன். ஏட்டையா அவன் வீட்டுக்குப் பதினோரு தடவை போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவன் பெண்டாட்டி நாகவள்ளி ஒரு செம்பு மோர் கொடுத்து, "அவுக பட்டாளத்துலதான ஏட்டையா இருக்காக" என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்வாள். பதினோராவது மோரையும் குடித்துவிட்டு அவர் ரிட்டயராகிவிட்டார்.

இப்போது அவன் வேனுக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தான். நெற்றியில் கிரீஸ். ஒரு விநாடி பார்த்தான். ஊர் ஸ்டேஷன் வாசலில் பார்த்துப் பழகிய முகம். "அய்யோ, ஏட்டையா!" என்றான். அடுத்த விநாடி எழுந்து, பின்வாசல் வழியாக டயர் கடைக்குள் பாய்ந்து ஓடிவிட்டான்.

"என்னவாக்கும் இது?" என்று ஷைஜு வாயைப் பிளந்தான்.

"மாமா, கியர் சரி பண்ற ஆளைத் துரத்தி விட்டுட்டீங்களே" என்றான் மணிமாறன்.

ஏட்டையா துரத்தவில்லை. அறுபது வயது முழங்கால் அதற்கு இடம் கொடுக்காது. ஒரு பழைய சீட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் அம்மையப்பன் தானாகவே திரும்பி வந்தான். ஒரு காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்கியது.

"எங்கடே போயிட்டு வந்த?"

"சிக்னல் வரைக்கும் ஓடினேன் ஏட்டையா. அதுக்கு மேல எங்க ஓடன்னு தெரியல. பாஸ்போர்ட் கஃபீல்கிட்டல்ல, விசா கொடுத்த அரபி முதலாளிகிட்டல்ல இருக்கு."

ஏட்டையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே, எதுக்கு ஓடுற? நான் இங்க விசிட் விசா. நீ ரெசிடென்ஸ் விசா. இந்த ஊர்ல என்னைய விட நீதாம்ல பெரிய ஆளு. வா, டீ குடிப்போம்."

பக்கத்துக் கஃப்டீரியாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மையப்பன் கிளாஸைத் தொடாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டே கதையைச் சொன்னான்.

லீவு முடிகிறதற்கு முந்தின நாள்தான் நாகவள்ளிக்கு வலி எடுத்தது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிருக்குப் போராடிப் பெண் குழந்தை பிறந்தது. அவளை அந்த நிலையில் விட்டுப் போக மனம் வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்று நினைத்தான். ஒரு வாரம் ஆனதும், 'ஒரு வாரம் லேட்டா வந்தவனை என்ன செய்வானோ' என்ற பயம் வந்தது. பயத்தில் இன்னொரு வாரம். இப்படியே நாற்பது நாள் ஆனபோது, தூத்துக்குடியில் ஒரு லாரி டிரைவர், "ஓடி வந்தவனைச் சுட்ருவாங்க, இல்லேன்னா பதினாலு வருசம்" என்று சொல்லிவிட்டான். பட்டாளத்தில் சேருவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் ஒன்று இருந்தது. பம்பாய்க்கு ரயில் ஏறி, அங்கே ஒரு ஏஜெண்டைப் பிடித்து இங்கே வந்து இறங்கினான். சில மாதத்தில் கார்கில் சண்டை வந்ததும் பயம் இன்னும் இரட்டிப்பானது. ஏழு வருடமாக ஊருக்குப் போகவில்லை. நாற்பது நாள் குழந்தையாகப் பார்த்த மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

"இப்ப பாஸ்போர்ட் ஜூனோட முடியுது ஏட்டையா. புதுசு கேட்டா நம்ம ஸ்டேஷனுக்குத்தான் விசாரணைக்குத் தாள் வரும். கேக்கலேன்னா இங்க விசா போயிரும். ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிடுச்சு."

ஏட்டையா டீயை உறிஞ்சிவிட்டு நிதானமாகக் கேட்டார். "பதினாலு வருசம்னு உனக்குச் சொன்னது லாரி டிரைவரு. அவன் என்ன ஜட்ஜா? நான் மூணு பேரைப் பிடிச்சுக் கொடுத்திருக்கேன். மூணு பேருக்கும் என்ன தண்டனைன்னு ரிவார்டுத் தாள்லயே போட்டிருக்கும். முதல் ஆளு முனியசாமி, மூணு மாசம். ரெண்டாவது ஆளுக்கு இருபத்தெட்டே நாள். மூணாவது ஆளுக்கு ஆறு மாசம். அதுவும் அவன் போகும்போது கேம்ப்ல இருந்த டார்ச் லைட்டையும் எடுத்துட்டுப் போயிட்டான், அதுக்கும் சேர்த்து. ஒருத்தனையும் சுடல. பட்டாள வேலை போயிரும். பென்சன் கிடையாது. அம்புட்டுத்தான். நீ போய் சரண்டர் ஆயிரு."

அம்மையப்பனின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு மெல்லச் சுருங்கியது.

"ஏட்டையா, தப்பா நெனைக்காதீக. எனக்குத் தண்டனை கிடைச்சாத்தான உங்களுக்கு ரிவார்டு வரும்?"

அவன் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், மணிமாறனின் காருக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் அருணா இடுப்பில் கை வைத்தாள். "ஏம்ப்பா, பிளேன் ஏறி வந்தும் ஆள் பிடிக்கணுமா உங்களுக்கு? அந்த மனுசன் பாட்டுக்கு ஸ்பேனர் பிடிச்சுப் பொழைச்சுக்கிட்டு இருக்காரு."

"நான் பிடிக்கலம்மா. நல்லது சொன்னேன். அவன் நம்பல."

"எப்படி நம்புவாரு? பூனை வந்து எலிகிட்ட, வெளிய வா, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன மாதிரி இருக்கு."

அந்தப் பேச்சு ஏட்டையாவை அறுத்தது. மறுநாள் முழுக்கப் பால்கனிப் பக்கமே போகவில்லை. அவன் கேட்டதில் என்ன தப்பு? பதினோரு தடவை அந்த வீட்டுப்படி ஏறினாரே, அந்தப் பதினோரு தடவையும் அந்தப் பெண்ணுக்காகவா ஏறினார்? நாலாவது தாளுக்காகத்தானே ஏறினார்? அலமாரியில் இருந்த பார்சல் ஒன்று அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

அது முனியசாமியின் மனைவி கொடுத்தனுப்பிய சேவும் கருப்பட்டியும். தண்டனை முடிந்து வந்த முனியசாமி, இப்போது மஸ்கட்டில் ரூவி என்கிற இடத்தில் ஒரு ஓட்டலில் வாட்ச்மேன். ஏட்டையா கல்ஃபுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அந்தப் பெண் ஓடி வந்து, "அப்படியே போற வழியில அவுககிட்டக் கொடுத்திருங்க" என்றாள். கல்ஃப் என்றால் எல்லாம் ஒரே தெருவில் இருக்கும் என்று ஏட்டையாவும் நினைத்து வாங்கி வந்துவிட்டார். மஸ்கட் வேறு தேசம், நடுவில் மலையும் செக்போஸ்டும் உண்டு என்று மணிமாறன் சொன்னபிறகுதான் தெரிந்தது. பார்சலின் மேல் முனியசாமியின் போன் நம்பர் எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அம்மையப்பன் சரிசெய்த காரை ஓட்டிக்கொண்டு முவைலாவுக்கு வந்தான். சாவியைக் கொடுத்துவிட்டு வாசலோடு போகப் பார்த்தான். அருணா விடவில்லை. "உள்ள வாங்கண்ணே, சாப்பிடாமப் போனா எங்கப்பா என்னைய அரெஸ்ட் பண்ணிருவாரு" என்று இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

இட்லி சாப்பிட்டு முடிந்ததும் ஏட்டையா போன் கார்டைச் சுரண்டி, நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார்.

"ஹலோ, யாரு?"

"முனியசாமி, நான் ஏட்டு பழனிச்சாமி. ஷார்ஜாலேருந்து பேசுறேன்."

"ஏட்டையாவா! என்னைய பிடிச்ச ஏட்டையாவா! எப்படி இருக்கீக? முழங்கால் தேவலையா?" அந்தப் பக்கம் உற்சாகம் தாங்கவில்லை. "ஏலே, இங்க வாங்கடா, என்னைய அரெஸ்ட் பண்ணுனவரு போன்ல இருக்காரு" என்று யாரையோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டது.

ஏட்டையா அம்மையப்பனின் விஷயத்தைச் சொல்லி, "இவன்கிட்ட நீயே சொல்லு, உள்ள என்ன நடந்ததுன்னு" என்றார்.

"தம்பி, கேட்டுக்கோ. மொத ரெண்டு நாள் திட்டுவாங்க. செவியைப் பொத்திக்கோ. அப்புறம் கோர்ட்டு. ஏன் வரலன்னு கேப்பாங்க. உள்ளதைச் சொல்லு, கதை கட்டாத. எனக்கு மூணு மாசம். தோட்ட வேலை பார்த்தேன், கத்திரிக்கா வெச்சேன். மூணாம் மாசம் முடிஞ்சு வெளிய வந்து ரோட்டோரம் நின்னு ஒரு காப்பி குடிச்சேன் பாரு. அதுக்கு முன்னாடி நாலு வருசம், போலீஸ் வருதான்னு திரும்பிப் பார்க்காம நான் ஒரு காப்பி குடிச்சதில்ல தம்பி."

அம்மையப்பன் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பார்சல் ஒண்ணு உன் வீட்டுக்காரி கொடுத்தா" என்றார் ஏட்டையா. "எப்படிச் சேர்க்கன்னு தெரியல."

"பிரிச்சு எல்லாரும் தின்னுங்க ஏட்டையா! தம்பிக்கு ரெண்டு கை கூட வைங்க."

போனை வைத்ததும் ஏட்டையா நேராகவே பேசினார். "நீ அன்னிக்குக் கேட்டது சரிதான். எனக்கு நாலாவது ரிவார்டு வாங்கணும்னு ஒரு பித்து இருந்துச்சு. அதனாலதான் உன் வீட்டுக்கு அத்தனை தடவை வந்தேன். இப்ப நான் ரிட்டயர்டு, எனக்கு ஒத்தப் பைசா வராது. ஆனா இன்னொண்ணையும் சொல்லணும். ஸ்டேஷன்ல போய் நின்னா, யாராவது ஒரு போலீஸ்காரன் தான் பிடிச்சதா எழுதிக்குவான், அவனுக்கு ரிவார்டு போகும். அதனால ஸ்டேஷனுக்கே போகாத. நேரா பெங்களூர்ல இருக்கிற உன் யூனிட் கேட்ல போய் நில்லு. நீயா போனா எவனுக்கும் ரிவார்டு கிடையாது. தண்டனையும் குறையும்."

இதைச் சொல்லும்போது அந்த நாலாவது தாள் ஒரு தடவை அவர் கண் முன்னால் வந்து போனது நிஜம். ஆனால் சொல்லி முடித்ததும் லேசாக இருந்தது.

அருணா பார்சலைப் பிரித்துக் கொடுத்த சேவு ஒன்றை அம்மையப்பன் கையில் நொறுக்கினான். பிறகு, "நாகவள்ளிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும் ஏட்டையா. நீங்களே பேசுங்க. எனக்குச் சொல்ல வராது" என்றான்.

ஏட்டையா அவன் சொன்ன நம்பரைப் போட்டார். பக்கத்து வீட்டுப் போன். கூப்பிட்டு வர நாலு நிமிடம் ஆனது. கடைசியில் மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது.

"ஹலோ?"

"அம்மா நாகவள்ளி, நான் ஏட்டு பழனிச்சாமி பேசுறேன்."

அந்தப் பக்கம் ஒரு இமைப்பொழுது கூடத் தாமதம் இல்லை. "அவுக பட்டாளத்துலதான ஏட்டையா இருக்காக! லெட்டர் கூடப் போன வாரம் வந்துச்சு!"

அருணா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். மணிமாறன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மையப்பனே தலையில் கை வைத்துச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு போனில் கேட்டிருக்க வேண்டும்.

"அது யாரு சிரிக்கிறது?" என்று குரல் மாறியது. "ஏட்டையா, அது அவுகதான? பிடிச்சிட்டீகளா? அய்யோ, எங்க வெச்சுப் பிடிச்சீக?"

"அழாதம்மா. பிடிக்கல. எங்க வீட்ல உக்காந்து சேவு தின்னுக்கிட்டு இருக்கான்" என்று ஏட்டையா ஒன்று விடாமல் விளக்கினார். முனியசாமி கதை, மூன்று தாள்கள், பெங்களூர் கேட், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சொன்னார். முடித்ததும் அவள் ஒரே கேள்வி கேட்டாள்.

"அதிகமாப் போனா எவ்வளவு?"

"ஆறு மாசம்னு வெச்சுக்கோ."

"ஏட்டையா, ஏழு வருசமா நான் ஜெயிலுக்குப் போனவன் பொண்டாட்டியாத்தான் இருக்கேன். ஜெயில்ல இருக்கிறவனையாவது மனு போட்டுப் போய்ப் பார்க்கலாம். இவுகளைப் பார்க்க வழியில்ல. ஆறு மாசம் எனக்கு ஒரு தூசி. அவுகளை ஏத்தி அனுப்புங்க." கடைசியில் இதையும் சொன்னாள். "இத்தனை தடவை பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க."

"மோர் நல்லா இருந்துச்சும்மா" என்றார் ஏட்டையா.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஷைஜு கஃபீலிடம் பேசிப் பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்தான். கஃபீல் நல்ல மனிதர். நடந்ததை அரபியில் ஷைஜு பாதி சொல்லும்போதே, "கலாஸ், சரி முடிந்தது, போகட்டும், வந்தால் புது விசா தருகிறேன்" என்றுவிட்டார். "கியர்பாக்ஸ் இவனை மாதிரி யாருக்கும் கைவராது, இவன் இடத்துல வேற ஆளைப் போட மாட்டேனாக்கும்" என்று ஷைஜு தன் பங்குக்குச் சத்தியம் செய்தான். கராஜ் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து மகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டினார்கள். கழற்றியது ஏழு பேர் என்பதால், எந்தத் திருகு எங்கே போகும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஏர்போர்ட் வாசலில் அம்மையப்பன் டிராலியை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "ஏட்டையா, பாஸ்போர்ட் பார்க்கிறவன் ஏதாவது கேட்டா?"

"கேட்டா உள்ளதைச் சொல்லு. நான் யூனிட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு. போறவனை யாரும் தடுக்க மாட்டான்."

அவன் ஏட்டையாவுக்கு ஒரு சல்யூட் அடித்தான். ஏழு வருடம் அடிக்காத சல்யூட், கை கொஞ்சம் கோணலாகத்தான் போனது. ஏட்டையா சட்டையைச் சரிசெய்துகொண்டு முறைப்படி திருப்பி அடித்தார். பக்கத்தில் டிராலி தள்ளிக்கொண்டிருந்த ஒருவர், ஏதோ பெரிய அதிகாரிகள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. ஏட்டையா மறுபடி பால்கனிக்கு வந்தார். ஆனால் எந்த நம்பரும் மனதில் ஏறவில்லை. 'நாம சொன்னது தப்பாப் போயிட்டா?' என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை அருணாவிடம் கேட்டார். பதினோராம் நாள் நாகவள்ளியே போன் செய்தாள்.

"ஏட்டையா, இங்க நடந்த கூத்தைக் கேளுங்க! அவுக வந்து ரெண்டு நாள் வீட்ல இருந்தாக. மூணாம் நாள் பெங்களூர் போறதுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வெளிய வந்தா, வாசல்ல புது ஏட்டு நிக்கிறாரு. எப்படியோ மோப்பம் பிடிச்சு வந்துட்டாரு."

"அடப்பாவி! அப்புறம்?"

"நான் பிடிச்சதா எழுதிக்கிறேன், எனக்கு ஒரு ரிவார்டு கிடைக்கும்னு கெஞ்சுறாரு. நான் ரயில் டிக்கெட்டை எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டேன். இவுக தானாப் போறாக, தேதி போட்டுருக்கு பாருங்கன்னேன். சரி, பஸ் ஸ்டாண்டுல வெச்சுப் பிடிச்சதாவது எழுதிக்கிறேன்னாரு. அதுவும் முடியாதுன்னுட்டேன். இவுகளைப் பிடிக்கிறதா இருந்தா எங்க பழனிச்சாமி ஏட்டையா பிடிச்சிருப்பாரு, அவரே வேணாம்னுட்டாரு, நீங்க யாருன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. தன் பைக்குலயே அவுகளை ஏத்தி, மடியில பெட்டியை வெச்சு, கோவில்பட்டி ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு போய் ரயிலேத்தி விட்டுட்டு வந்தாரு."

ஏட்டையாவின் விசாவை மணிமாறன் ஒரு மாதம் நீட்டித்தான். தீர்ப்புத் தெரியாமல் இவர் பிளேன் ஏற மாட்டார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மார்ச் கடைசியில் தீர்ப்பு வந்தது. தானாக வந்து நின்றதாலும், மருத்துவமனைச் சீட்டைக் காட்டி உள்ளதைச் சொன்னதாலும் இரண்டு மாதம் சிறை, பட்டாளத்திலிருந்து டிஸ்மிஸ். நாகவள்ளி மகளோடு போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டாள். முதலில் அப்பாவைக் கண்டு வெட்கப்பட்ட மகள், கிளம்பும்போது விடமாட்டேன் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"தண்டனைல என்ன வேலை கொடுத்திருக்காங்க? கத்திரிக்காயா?" என்று நாகவள்ளியிடம் போனில் கேட்டார் ஏட்டையா.

"அதெல்லாம் இல்ல. ஷார்ஜாவுல கார் ரிப்பேர் பார்த்தேன்னு உளறி வெச்சிருக்காக. அவ்வளவுதான். ஓடாமக் கிடந்த ரெண்டு லாரியையும் ஒரு ஜீப்பையும் கொண்டாந்து முன்னாடி நிறுத்திட்டாங்களாம். மூணையும் ஓட வெச்சிட்டாக. இப்ப பெரிய ஆபீசரே தன் சொந்தக் காரைக் கொண்டு வந்து, இதுல ஒரு சத்தம் வருதுப்பா, கேளுன்னு சொல்றாராம்."

ஏட்டையா அன்றைக்கே கராஜுக்குப் போய் ஷைஜுவிடம் சொன்னார். ஷைஜு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். தொழில்பேட்டையில் அன்று சாயந்திரத்துக்குள் கதை டயர் கடை, வெல்டிங் கடை, பெயிண்ட் கடை என்று பரவி, தொழிலாளர் கேம்ப் வரைக்கும் போய்விட்டது. போகப் போகக் கதையும் வளர்ந்தது. முவைலாவில் ஒரு ஏட்டையா இருக்கிறார், பட்டாளத்தை விட்டு ஓடி வந்தவன் மூஞ்சியைப் பார்த்தே எத்தனை மாதம் கிடைக்கும் என்று சொல்லிவிடுவார் என்பதுவரைக்கும் வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அஜ்மானிலிருந்து ஒரு மலையாளி லாரி டிரைவர் தயங்கித் தயங்கி வந்து மணியடித்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் பட்டாளத்திலிருந்து லீவில் வந்து திரும்பாதவன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சர்தார்ஜி ஒரு பெட்டி ஆரஞ்சோடு வந்தார். ஏட்டையாவுக்கு இந்தி வராது. மணிமாறன் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான். "ஜபல்பூர் யூனிட்டாம் மாமா. தம்பி கல்யாணத்துக்கு வந்துட்டு நின்னுட்டாராம். துப்பாக்கி எதுவும் எடுத்துட்டு வரல, அவங்க குரு மேல சத்தியம்ங்கிறாரு." ஏட்டையா தலையை ஆட்டி, "நேரா கேட்ல போய் நிக்கச் சொல்லு. ஸ்டேஷன் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லு" என்றார். சர்தார்ஜி எழுந்து அவர் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனார்.

"அப்பா, முப்பத்தஞ்சு வருசத்துல மூணு பேரைத்தான் பிடிச்சீங்க. இங்க வந்து மூணு மாசத்துல அதைத் தாண்டிருவீங்க போல" என்றாள் அருணா, ஆரஞ்சை உரித்துக்கொண்டே.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சூட்கேஸ் பாதி அடுக்கியபடி தரையில் திறந்து கிடந்தது. அருணா எடை பார்க்கும் தராசைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது காலிங் பெல் அடித்தது. வாசலில் இரண்டு பேர், கம்பெனி டூட்டி உடுப்போடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் மூத்தவன் திருநெல்வேலித் தமிழில், "ஏட்டையா வீடு இதுதானா? நாங்க ஃபுஜேராலேருந்து வாரோம்" என்றான்.

"அப்பா, நாளைக்குக் காலைல பிளைட்டு" என்றாள் அருணா, பின்னாலிருந்து.

"நாளைக்குத்தானம்மா" என்றார் ஏட்டையா. சூட்கேஸைக் காலால் ஓரமாகத் தள்ளி, இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உக்காருங்கடே. ஒவ்வொருத்தரா சொல்லுங்க. லீவு என்னிக்கு முடிஞ்சது?"